கே2-18பி சர்ச்சை: மூலக்கூறின் அதிர்வு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

2025 ஏப்ரலில் ஒரு செய்தி உலகம் முழுக்கப் பரவியது. பூமியிலிருந்து 124 ஒளியாண்டு தொலைவில், சிம்ம விண்மீன் குழுவில் இருக்கும் கே2-18பி என்ற கோளின் வளிமண்டலத்தில் டைமெதில் சல்ஃபைடோ டைமெதில் டைசல்ஃபைடோ இருப்பதற்கான தடயம் கிடைத்திருக்கிறது என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் தலைமையிலான குழு அறிவித்தது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பதிவு செய்த நிறமாலைதான், அதாவது ஒளியை அலைநீளம் வாரியாகப் பிரித்துக் காட்டும் பதிவுதான் ஆதாரம். பூமியில் டைமெதில் சல்ஃபைடு பெரும்பாலும் கடலில் வாழும் நுண்பாசிகளிலிருந்து வருகிறது. அதனால் வேற்றுக்கோளில் உயிர் என்று தலைப்புகள் வந்தன. சில வாரங்களுக்குள் வேறு ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்து அலசிவிட்டு, அப்படிச் சொல்லுமளவுக்கு அதில் எதுவும் இல்லை என்றார்கள்.

தரவு ஒன்றே. முடிவு மட்டும் எப்படி இரண்டானது? யாரோ தவறாக அளந்துவிட்டார்கள் என்றோ, யாரோ பெயருக்கு ஆசைப்பட்டார்கள் என்றோ நினைக்கத் தோன்றும். இரண்டும் சரியான விளக்கம் இல்லை. இந்தச் சர்ச்சையின் வேர் வானியலில் இல்லை, வேதியியலில் இருக்கிறது. ஒரு சிறிய மூலக்கூறு எப்படி அதிர்கிறது, அந்த அதிர்விலிருந்து அதன் வடிவத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்று தெரிந்தால் இரு தரப்பும் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது தெளிவாகிவிடும். அதிர்வு நிறமாலை, ஒரு வடிவத்தை 'இது இல்லை' என்று தள்ளுவதில் மிகக் கறாரானது. 'இதுதான்' என்று சொல்வதற்கு அதற்கு நிறையத் துணை வேண்டும். இந்த வேறுபாட்டைத்தான் செய்திகள் தவறவிட்டன.

அணுக்கள் ஓயாமல் ஆடுகின்றன

மூலக்கூறில் அணுக்கள் பிணைப்புகளால் இணைந்திருக்கின்றன. அந்தப் பிணைப்பு விறைத்த இரும்புக் கம்பி போல இருப்பதாகப் படங்களில் பார்க்கிறோம். உண்மையில் அணுக்கள் விலகுகின்றன, நெருங்குகின்றன, பக்கவாட்டில் வளைகின்றன. எவ்வளவு குளிர்வித்தாலும் இந்த ஆட்டம் முழுதாக நிற்பதில்லை.

ஆட்டத்தின் வேகத்தை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: பிணைப்பின் விறைப்பு, அணுக்களின் நிறை. வீணையில் தந்தியை முறுக்கினால் சுருதி ஏறுகிறது, தந்தி கனமானால் இறங்குகிறது. மூலக்கூறிலும் அதே கணக்குதான். அதிர்வெண், விறைப்பின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்திலும் நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும்.

ஹைட்ரஜன் குளோரைடு மூலக்கூறு வினாடிக்கு ஏறத்தாழ 86 லட்சம் கோடி முறை அதிர்கிறது. இவ்வளவு பெரிய எண்களோடு வேலை செய்வது கடினம் என்பதால் வேதியியலாளர்கள் அலை எண் என்ற அளவைப் பயன்படுத்துகிறார்கள். அதிர்வுக்கு ஒத்த ஒளியின் அலைகள் ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குள் எத்தனை அடங்கும் என்பதே அலை எண். ஹைட்ரஜன் குளோரைடுக்கு அது 2886. கார்பன் மோனாக்சைடுக்கு 2143. வானியலாளர்கள் அலைநீளத்தை மைக்ரோமீட்டரில் சொல்வார்கள். 10,000-ஐ மைக்ரோமீட்டரால் வகுத்தால் அலை எண் கிடைத்துவிடும்.

இந்த எண்களே ஏற்கெனவே அமைப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகின்றன. அணுக்களின் நிறை நமக்குத் தெரியும். அதிர்வெண்ணை அளந்தால் விறைப்பைக் கணக்கிடலாம். ஹைட்ரஜன் குளோரைடின் பிணைப்பு மீட்டருக்குச் சுமார் 480 நியூட்டன் விறைப்புள்ளது. கார்பன் மோனாக்சைடில் அது சுமார் 1860. கிட்டத்தட்ட நான்கு மடங்கு. முதலாவது ஒற்றைப் பிணைப்பு, இரண்டாவது மும்மைப் பிணைப்பு என்று பாடப்புத்தகத்தில் கோடு போட்டுக் காட்டுவதற்குப் பின்னால் இப்படி அளக்கக்கூடிய ஒரு வேறுபாடு இருக்கிறது.

அதிர்வின் ஆற்றல் தொடர்ச்சியாக ஏறாது, படிப்படியாகத்தான் ஏறும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள இடைவெளிக்குச் சரியாகப் பொருந்தும் ஒளியை மட்டும் மூலக்கூறு விழுங்கும். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பகுதியில் விழுகிறது. ஒரு வாயுவின் வழியே அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, வெளியே வரும்போது எந்தெந்த அலை எண்கள் குறைந்திருக்கின்றன என்று பார்ப்பதுதான் அகச்சிவப்பு நிறமாலையியல்.

வாயுவாக இருக்கும்போது இன்னொரு வசதியும் உண்டு. மூலக்கூறு அதிர்ந்துகொண்டே சுழலவும் செய்கிறது. அதனால் ஹைட்ரஜன் குளோரைடு 2886-ஐ ஒட்டி ஒளியை விழுங்கும் பகுதி, அதாவது அதன் 2886 பட்டை, ஏறத்தாழ 20 அலை எண் இடைவெளியில் வரிசையாக நிற்கும் மெல்லிய கோடுகளாகப் பிரிந்து தெரிகிறது. நட்டநடுவில் ஒரு கோடு மட்டும் இருக்காது. கோடுகளுக்கு இடையிலான இந்த இடைவெளியைக் கொண்டு இரு அணுக்களுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கணக்கிட்டால் 127 பிக்கோமீட்டர் என்று வரும். ஒவ்வொரு கோடும் இரட்டையாகத் தெரிவதையும் கவனிக்கலாம். இயற்கையில் குளோரின் 35, 37 என்ற இரண்டு நிறைகளில் ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்திருக்கிறது. கனமானது கொஞ்சம் மெதுவாக அதிர்வதால் அதன் கோடு சற்றுத் தள்ளி, வலுக் குறைந்து நிற்கிறது. கல்லூரி ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்யப்படும் சோதனை இது. ஒரு மூலக்கூறின் நீளத்தையும் அதிலுள்ள அணுவின் ஐசோடோப்புகளையும் ஒரே வரைபடத்தில் படித்துவிட முடிகிறது என்பது எத்தனை முறை பார்த்தாலும் வியப்பளிக்கிறது.

எத்தனை அதிர்வுகள் இருக்க முடியும்?

இரண்டு அணுக்கள் இருந்தால் ஒரே ஓர் அதிர்வு. அணுக்கள் கூடினால் கணக்கு மாறும். ஒவ்வொரு அணுவும் மூன்று திசைகளில் நகரலாம். ஆகவே அணுக்களின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்க வேண்டும். மூலக்கூறு முழுவதும் சேர்ந்து நகர்வது மூன்று வகை, முழுவதும் சேர்ந்து சுழல்வது மூன்று வகை. இந்த ஆறையும் கழித்தால் மிச்சம் அதிர்வுகள். மூலக்கூறு நேர்கோட்டில் இருந்தால் அதன் அச்சைச் சுற்றிச் சுழல்வது கணக்கில் வராது. அப்போது ஐந்தைக் கழித்தால் போதும்.

தண்ணீருக்கு 3 அதிர்வுகள். நேர்கோட்டில் இருக்கும் கரியமில வாயுவுக்கு 4. மீத்தேனுக்கு 9. டைமெதில் சல்ஃபைடில் ஒன்பது அணுக்கள் இருப்பதால் 21. அணுக்களின் எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் வடிவம் மாறினால் அதிர்வுகளின் எண்ணிக்கை மாறுகிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எல்லா அதிர்வும் ஒளியை விழுங்காது

ஒளி ஒரு மின்காந்த அலை. மூலக்கூறு அதிரும்போது அதன் மின்னூட்டச் சமநிலையும் சேர்ந்து ஆடினால்தான் ஒளியால் அந்த அதிர்வைப் பற்றிக்கொள்ள முடியும். அதாவது மூலக்கூறின் இருமுனைத் திருப்புத்திறன் அதிர்வின்போது மாற வேண்டும். நைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு ஒரே மாதிரி அணுக்கள். எவ்வளவு நீண்டாலும் சுருங்கினாலும் இரு பக்கமும் சமம். அதனால் அகச்சிவப்பு ஒளியை அது தடையின்றி ஊடுருவ விடுகிறது. ஆக்சிஜனும் அப்படியே. நம் உலர்ந்த காற்றில் 99 விழுக்காடு இந்த இரண்டும்தான். பூமியின் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வேலை, மிகச் சொற்ப அளவில் இருக்கும் கரியமில வாயுவுக்கும் நீராவிக்கும் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் இந்த விதியே. 1859-இல் லண்டனில் ஜான் டிண்டால் வாயுக்களின் வெப்பக்கதிர் உறிஞ்சலை அளந்தபோது இந்த வேறுபாட்டைத்தான் கண்டார். ஏன் என்ற விளக்கம் பிற்பாடு வந்தது.

ராமன் திறந்த இன்னொரு வழி

அகச்சிவப்பில் தெரியாத அதிர்வுகளை எப்படிப் பார்ப்பது? இதற்கான வழி 1928 பிப்ரவரி 28-இல் கல்கத்தாவில் கிடைத்தது. இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வகத்தில் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. ராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஒரே நிற ஒளியை உள்ளே அனுப்பினாலும் சிதறி வரும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வந்தது. மோதிய ஒளித்துகள் தன் ஆற்றலில் ஒரு பகுதியை மூலக்கூறின் அதிர்வுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தோடு வெளியேறுகிறது. கொடுத்த அளவு எவ்வளவோ அதுதான் அதிர்வின் ஆற்றல். இப்படி மாறி வருவது கோடியில் ஒன்று என்ற அளவில்தான். லேசர் இல்லாத காலத்தில் அதைப் பிடித்தது பெரிய சாதனை. ராமனுக்கு 1930-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ராமன் முறைக்கு விதி வேறு. இங்கே மூலக்கூறின் எலெக்ட்ரான் மேகம் எவ்வளவு எளிதில் உருமாறக்கூடியது என்பது, அதாவது அதன் முனைவாகுதிறன், அதிர்வின்போது மாற வேண்டும். நைட்ரஜன் நீளும்போது மேகமும் நீள்கிறது. ஆகவே அகச்சிவப்பில் ஊமையாக இருந்த நைட்ரஜன், ராமனில் 2331-இல் தெளிவாகத் தெரிகிறது. ஆக்சிஜன் 1556-இல் தெரிகிறது. தண்ணீரின் ராமன் சிதறல் பலவீனமானது என்பதால் கரைசல்களை ஆராயவும் இது தோதானது. செவ்வாயில் 2021-இல் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியில் ராமன் முறையில் இயங்கும் கருவிகள் இரண்டு இருக்கின்றன.

மூன்று அணுக்களின் வடிவத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

இப்போது இரண்டு முறைகளையும் சேர்த்து ஒரு வடிவத்தைத் தீர்மானித்துப் பார்க்கலாம். ஒரு வாயுவில் ஒரு கார்பனும் இரண்டு ஆக்சிஜனும் இருக்கின்றன என்பது மட்டும் தெரியும். மூன்று வடிவங்கள் சாத்தியம்: கார்பன் நடுவில் இருக்கும் நேர்கோடு, கார்பன் நடுவில் இருந்தாலும் தண்ணீரைப் போல வளைந்தது, கார்பன் ஓரத்தில் இருப்பது.

1. அகச்சிவப்பில் வலுவான அடிப்படைப் பட்டைகள் 667-லும் 2349-லும் மட்டுமே வருகின்றன. வளைந்த வடிவமாக இருந்தால் மூன்று வந்திருக்க வேண்டும்.

2. ராமனில் பார்த்தால் அந்த இரண்டும் இல்லை. அதற்குப் பதிலாக 1285, 1388 என்று ஒரு ஜோடி நிற்கிறது.

3. மூலக்கூறுக்கு ஒரு சமச்சீர் மையம் இருந்தால் (அதாவது எந்த அணுவிலிருந்து நடுப்புள்ளி வழியே அதே தூரம் எதிர்ப்புறம் போனாலும் அதே வகை அணு இருந்தால்), அகச்சிவப்பில் தெரியும் அதிர்வு ராமனில் தெரியாது, ராமனில் தெரிவது அகச்சிவப்பில் தெரியாது. இதற்குப் பரஸ்பர விலக்கு விதி என்று பெயர். இங்கே கண்டது அதேதான்.

4. சமச்சீர் மையம் இருக்க வேண்டுமென்றால் கார்பன் நட்டநடுவிலும் ஆக்சிஜன்கள் இருபுறமும் ஒரே கோட்டில் சம தூரத்திலும் இருந்தாக வேண்டும். மற்ற இரண்டு வடிவங்களும் அடிபட்டுவிடுகின்றன.

நான்கு அதிர்வுகள் என்று கணக்கு சொல்லும்போது பட்டைகளின் எண்ணிக்கை ஏன் ஒத்துவரவில்லை என்ற கேள்வி எழும். 667-இல் இருக்கும் வளைவு அதிர்வு இரண்டு செங்குத்துத் தளங்களில் ஒரே ஆற்றலோடு நடப்பதால் இரண்டும் ஒரே பட்டையாகத் தெரிகின்றன. சரி, ராமனில் ஒன்றுக்குப் பதிலாக ஏன் இரண்டு? இரு ஆக்சிஜன்களும் ஒன்றாக விலகி ஒன்றாக நெருங்கும் அதிர்வு 1330 வாக்கில் ஒரே பட்டையாக வந்திருக்க வேண்டும். வளைவு அதிர்வின் இரு மடங்கு, அதாவது 1334, தற்செயலாக அதே இடத்தில் வந்து விழுகிறது. இரண்டும் கலந்து ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன. 1931-இல் என்ரிக்கோ ஃபெர்மி இதை விளக்கினார். ஒரு பட்டைக்கு ஒரு அதிர்வு என்று கண்ணை மூடிக்கொண்டு எண்ணினால் எங்கே சறுக்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நைட்ரஸ் ஆக்சைடை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதிலும் இரண்டு நைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என மூன்று அணுக்கள், எலெக்ட்ரான்களின் எண்ணிக்கையும் கரியமில வாயுவுக்குச் சமம். ஆக்சிஜன் நடுவில் இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் அகச்சிவப்பில் 589, 1285, 2224 என்று மூன்று பட்டைகள் வருகின்றன. 1285, 2224 இரண்டும் ராமனிலும் தெரிகின்றன. பரஸ்பர விலக்கு இல்லை, ஆகவே சமச்சீர் மையம் இல்லை. அணுக்களின் வரிசை நைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன் என்றுதான் இருக்க முடியும். யாரும் மூலக்கூறைக் கண்ணால் பார்க்கவில்லை. எந்தப் பட்டை எங்கே வந்தது, எங்கே வரவில்லை என்பதைக் கொண்டு மட்டுமே இந்த முடிவு வந்தது.

இதே தர்க்கத்தை லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் கிறிஸ்டஃபர் இங்கோல்டும் அவரது குழுவினரும் 1930-களில் பென்சீனுக்குப் பயன்படுத்தினார்கள். பென்சீனுக்கு 30 அதிர்வுகள். அது முழுச் சமச்சீருள்ள அறுகோணமாக இருந்தால் அகச்சிவப்பில் 4, ராமனில் 7 மட்டுமே தெரிய வேண்டும், இரண்டுக்கும் பொதுவாக எதுவும் இருக்கக் கூடாது. ஹைட்ரஜன்களை ஒவ்வொன்றாக, கனமான ஹைட்ரஜனான டியூட்டீரியத்தால் மாற்றி, சமச்சீரை வேண்டுமென்றே குலைத்து, ஒளிந்திருந்த அதிர்வுகள் எப்போது வெளியே வருகின்றன என்று அவர்கள் பார்த்தார்கள். ஒன்று விட்டு ஒன்று இரட்டைப் பிணைப்பு என்ற வடிவம் அந்தச் சான்றுகளுக்கு ஈடுகொடுக்கவில்லை.

ஐசோடோப்பை மாற்றிப் பார்ப்பது இந்தத் துறையின் மிக நேர்மையான உத்தி என்று சொல்வேன். பிணைப்பின் விறைப்பு மாறுவதில்லை, நிறை மட்டும் மாறுகிறது. ஹைட்ரஜன் குளோரைடில் ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் வைத்தால் 2886 என்பது 2091-க்கு இறங்கிவிடும். எந்தப் பட்டை நகர்கிறதோ அந்த அதிர்வில் அந்த அணு பங்கெடுக்கிறது. நகராத பட்டைக்கும் அந்த அணுவுக்கும் பெரிய தொடர்பில்லை.

அணுக்கள் கூடும்போது வரும் சிக்கல்

1905-இல் அமெரிக்கரான வில்லியம் கோப்லென்ட்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட சேர்மங்களின் அகச்சிவப்பு நிறமாலைகளை வெளியிட்டார். ஒரே அணுத்தொகுதி எந்த மூலக்கூறில் இருந்தாலும் ஏறத்தாழ ஒரே இடத்தில் உறிஞ்சுகிறது என்பது அதில் தெரிந்தது. கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இருந்தால் 1700-ஐ ஒட்டி ஒரு வலுவான பட்டை. ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த மெதில் தொகுதியின் கார்பன்–ஹைட்ரஜன் நீட்சி, அதாவது பிணைப்பு நீண்டு சுருங்கும் அதிர்வு, 2850-க்கும் 3000-க்கும் நடுவில். மும்மைப் பிணைப்பின் ஓரத்தில் இருக்கும் ஹைட்ரஜனுக்கு 3300 வாக்கில்.

இது எவ்வளவு உதவும்? எத்தனாலுக்கும் டைமெதில் ஈதருக்கும் அணுக்கள் ஒன்றே: இரண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். ஆனால் எத்தனாலில் ஆக்சிஜன்–ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கிறது. திரவத்தில் அது 3300-ஐச் சுற்றி அகலமான பட்டையாக வரும். அந்தப் பட்டை இல்லையென்றால் கையில் இருப்பது எத்தனால் இல்லை. இங்கே சந்தேகத்துக்கே இடமில்லை.

மறுபக்கத்திலிருந்து யோசித்தால்தான் சிக்கல் புரியும். 2950-இல் ஒரு பட்டை தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மெதில் தொகுதி இருக்கலாம் என்று அது சொல்கிறது. எந்த மூலக்கூறின் மெதில் தொகுதி என்று சொல்லவில்லை. எத்தனால், ஈதர், அசிட்டோன், டைமெதில் சல்ஃபைடு, எல்லாவற்றிலும் மெதில் உண்டு. தொகுதியைக் காட்டும் பட்டை மூலக்கூறைக் காட்டாது. மூலக்கூறை உறுதிசெய்ய 1500-க்குக் கீழே உள்ள பகுதியில் பல பட்டைகள் ஒருசேரப் பொருந்த வேண்டும்.

இன்று இந்தப் பொருத்தத்தைக் கணினி வழியாகப் பார்க்கிறார்கள். ஒரு வடிவத்தை வைத்துக்கொண்டு அதன் அதிர்வுகளைக் குவாண்டம் முறையில் கணக்கிட்டு, அளந்த நிறமாலையோடு ஒப்பிடுவது வழக்கம். எளிய கணக்குகள் பெரும்பாலும் சற்று அதிகமாகக் காட்டும். காரணம், உண்மையான பிணைப்பு நீள நீளத் தளர்ந்துபோகிறது. ஹைட்ரஜன் குளோரைடு அப்படித் தளராமல் இருந்தால் 2991-இல் அதிர்ந்திருக்கும், உண்மையில் 2886-இல் அதிர்கிறது. அதனால் கணக்கிட்ட எண்களை 0.96 போன்ற ஒரு காரணியால் பெருக்கிக் குறைத்துக்கொள்கிறார்கள். ஒரு பட்டை பத்து இருபது அலை எண் தள்ளி வந்தால் அது கணக்கின் குறையா, வேறு மூலக்கூறா என்று பிரித்தறிய அனுபவம் வேண்டும்.

டைமெதில் சல்ஃபைடின் நிறமாலையில் என்ன இருக்கிறது?

நடுவில் ஒரு கந்தகம், இருபுறமும் ஒவ்வொரு மெதில். வளைந்த வடிவம். இதன் 21 அதிர்வுகளில் நமக்கு முக்கியமானவற்றை மூன்று கூட்டமாகப் பார்க்கலாம்.

1. கார்பன்–ஹைட்ரஜன் நீட்சிகள். 2850-க்கும் 3000-க்கும் இடையில், அதாவது 3.3 முதல் 3.5 மைக்ரோமீட்டர்.

2. மெதில் தொகுதி குடை போல விரிந்து மடங்குவதும் ஆடுவதும். 1440, 1320, 1030, 970 ஆகிய எண்களை ஒட்டி. ஏறத்தாழ 7 முதல் 10 மைக்ரோமீட்டர்.

3. கார்பன்–கந்தக நீட்சிகள். 740-ஐயும் 690-ஐயும் ஒட்டி, அதாவது 13.5 முதல் 14.5 மைக்ரோமீட்டர்.

இந்த மூன்றில் கந்தகம் இருப்பதை நேராகச் சொல்வது மூன்றாவது கூட்டம் மட்டுமே. முதல் இரண்டும் பெரும்பாலும் மெதிலின் குரல். அப்புறம், கார்பனும் கந்தகமும் எலெக்ட்ரான்களை ஏறத்தாழ ஒரே வலுவோடு இழுக்கின்றன. இந்த இழுப்பை அளக்கும் பாலிங் அளவுகோலில் 2.55, 2.58. ஆகவே அந்தப் பிணைப்பு நீளும்போது மின்னூட்டச் சமநிலை பெரிதாக ஆடுவதில்லை, அகச்சிவப்புப் பட்டை வலுவாக இருப்பதில்லை. கந்தகத்தின் எலெக்ட்ரான் மேகம் பெரியது, எளிதில் உருமாறுவது. அதனால் ராமனில் அதே பட்டை அருமையாகத் தெரிகிறது. ஆய்வகத்தில் இருந்தால் ஒரு ராமன் கருவியில் வைத்துச் சில நிமிடங்களில் தீர்த்துவிடலாம். 124 ஒளியாண்டு தொலைவில் அந்த வசதி இல்லை. கோள் தன் விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது அதன் வளிமண்டல விளிம்பில் ஊடுருவி வரும் ஒளி மட்டுமே நமக்குக் கிடைக்கிறது. அது அகச்சிவப்பு உறிஞ்சல் மட்டும்தான்.

2025 அறிவிப்புக்கு அடிப்படையான அளவீடு 6 முதல் 12 மைக்ரோமீட்டர் வரை. அலை எண்ணில் 1667 முதல் 833 வரை. மேலே உள்ள பட்டியலோடு ஒப்பிட்டால் விஷயம் தெரிந்துவிடும். இரண்டாவது கூட்டம் இந்தச் சாளரத்துக்குள் விழுகிறது. கார்பன்–கந்தக நீட்சிகள் வெளியே போய்விடுகின்றன. டைமெதில் டைசல்ஃபைடுக்கும் இதே நிலைதான். அதன் கந்தகம்–கந்தகம் நீட்சி 510 வாக்கில், ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டரில் இருக்கிறது. ஆக, கண்டுபிடித்ததாகச் சொல்லப்பட்டது கந்தகச் சேர்மம், அளக்கப்பட்டதோ பெரும்பாலும் மெதில் தொகுதியின் அசைவுகள்.

முதல் கூட்டத்தைக் கொண்டு சரிபார்க்கலாமே என்றால், அங்கே மீத்தேன் குறுக்கே நிற்கிறது. 2023-இல் இதே கோளில் மீத்தேனும் கரியமில வாயுவும் இருப்பது அறிவிக்கப்பட்டது. மீத்தேனின் வலுவான பட்டை 3019-இல், 3.3 மைக்ரோமீட்டரில் இருக்கிறது. மெதிலின் நீட்சிகள் அதனோடு கலந்துவிடுகின்றன. மீத்தேனின் இன்னொரு பட்டை 1306-இல், 7.7 மைக்ரோமீட்டரில், இரண்டாவது கூட்டத்தின் நடுவிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

தரவு ஒன்று, முடிவு இரண்டு ஆனது இப்படித்தான்

மதுசூதன் குழு சொன்னது மூன்று சிக்மா அளவிலான உறுதி. தற்செயலாக இப்படி ஒரு சைகை வருவதற்கு ஏறத்தாழ 0.3 விழுக்காடு வாய்ப்பு என்று அதற்கு அர்த்தம். கண்டுபிடிப்பு என்று ஏற்க ஐந்து சிக்மா கேட்பது வழக்கம். அந்த அளவு இன்னும் வரவில்லை என்பதை அந்தக் குழுவே சொல்லியிருந்தது. செய்தித் தலைப்புகளில் அது காணாமல் போனது.

ஆனால் சிக்மாவைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. மூன்று சிக்மா, எதோடு ஒப்பிட்டு? டைமெதில் சல்ஃபைடு வகை மூலக்கூறுகள் உள்ள கணித மாதிரியையும் இல்லாத கணித மாதிரியையும் ஒப்பிட்டுக் கிடைக்கும் எண் அது. பட்டியலில் எந்த மூலக்கூறுகளைச் சேர்த்தோம் என்பதைப் பொறுத்து அது மாறும். வேறொரு குழு பட்டியலை விரித்து, வேறு ஹைட்ரோகார்பன்களையும் சேர்த்துப் பார்த்தபோது அவற்றில் சில அதே தரவுக்கு நன்றாகவே பொருந்தின. அவற்றில் ஒன்று புரோபைன். அதில் கந்தகமே கிடையாது. மெதில் தொகுதி உண்டு. அதன் மும்மைப் பிணைப்பை அடையாளம் காட்டும் வலுவான பட்டைகள் 3 மைக்ரோமீட்டரிலும் 16 மைக்ரோமீட்டரை ஒட்டியும் இருப்பதால் அவையும் சாளரத்துக்கு வெளியே. இரண்டையும் பிரித்துக் காட்டக்கூடிய பகுதி அளவீட்டில் இல்லை. இன்னோர் ஆய்வு, இந்தத் தரவுக்கு மேடுபள்ளமே இல்லாத ஒரு நேர்கோடுகூடப் போதும் என்றது.

இந்த அளவீட்டுக் கருவியின் பிரிதிறன் ஏறத்தாழ 100. அதாவது 1000 அலை எண் பகுதியில் சுமார் 10 அலை எண்ணுக்குள் இருப்பவை ஒன்றாகக் கலந்து தெரியும். ஹைட்ரஜன் குளோரைடில் பிணைப்பு நீளத்தைக் காட்டிக்கொடுத்தது போன்ற சுழற்சிக் கோடுகள் இதில் தெரிய வழியில்லை.

ஒருவேளை மூலக்கூறு உறுதியானாலும், அது எப்படி உருவானது என்பதை நிறமாலை சொல்லாது. 67பி வால்மீனிலிருந்து ரொசெட்டா விண்கலம் திரட்டிய தரவில் டைமெதில் சல்ஃபைடு இருப்பது 2024-இல் வெளியானது. அங்கே பாசி எதுவும் இல்லை.

உறுதியான சான்று எப்படி இருக்கும்?

அதே தொலைநோக்கி வாஸ்ப்-39பி என்ற, சுமார் 700 ஒளியாண்டு தொலைவிலுள்ள கோளைப் பார்த்தது. 2022 ஆகஸ்டில் 4.3 மைக்ரோமீட்டரில், ஒளி அதிகமாக விழுங்கப்பட்டதைக் காட்டும் ஒரு பெரிய மேடு தெரிந்ததாக அறிவித்தார்கள். கரியமில வாயுவின் 2349 பட்டை அது. 26 சிக்மா. அந்த இடத்தில் அந்த வலுவோடு போட்டியிடக்கூடிய வேறு மூலக்கூறு இல்லாததால் யாரும் சண்டை போடவில்லை.

அதே நிறமாலையில் 4 மைக்ரோமீட்டரை ஒட்டி இன்னொரு சிறு மேடு, விளக்கம் இல்லாமல் நின்றது. பிறகு அது சல்ஃபர் டை ஆக்சைடு என்று தெரிந்தது. அந்த மூலக்கூறின் மூன்று அதிர்வுகள் 518, 1151, 1362. எதுவும் 4 மைக்ரோமீட்டருக்கு அருகில் இல்லை. ஆனால் 1151-ம் 1362-ம் ஒரே நேரத்தில் தூண்டப்பட்டால் 2500-ஐ ஒட்டி ஒரு கூட்டுப் பட்டை வரும். சரியாக 4 மைக்ரோமீட்டர். அதோடு விட்டுவிடவில்லை. கூட்டுப் பட்டை உண்மையென்றால் தனித்தனி அதிர்வுகளும் 7 முதல் 9 மைக்ரோமீட்டருக்குள் தெரிய வேண்டும். கே2-18பி அளவீட்டுக்குப் பயன்பட்ட அதே வகைக் கருவியைக் கொண்டு அங்கே தேடினார்கள். இருந்தன. 2024-இல் அந்த முடிவு வெளியானது.

டைமெதில் சல்ஃபைடுக்கும் இதே சோதனைதான் பாக்கி இருக்கிறது. 13 முதல் 15 மைக்ரோமீட்டருக்குள் கார்பன்–கந்தக நீட்சி தெரிய வேண்டும், மெதில் பட்டைகளின் வலுவுக்கு ஏற்ற அளவில் தெரிய வேண்டும். அது எளிதல்ல: அந்தப் பட்டை அகச்சிவப்பில் பலவீனமானது, கரியமில வாயுவின் 667 பட்டை 15 மைக்ரோமீட்டரில் பக்கத்திலேயே அகலமாகப் பரவியிருக்கிறது. அதற்குக் கோள் விண்மீனைக் கடக்கும்போது இன்னும் பல முறை அளக்க வேண்டும். ஹைட்ரஜன் நிறைந்த சூழலில் இந்த மூலக்கூறுகளும் அவற்றின் போட்டியாளர்களும் எப்படி உறிஞ்சுகின்றன என்ற ஆய்வகத் தரவும் அதோடு சேர்ந்து வர வேண்டும்.